பத்துக்குப் பதினைந்தில் ஓர் ஊர்

ஒருவரை அவையில் அறிமுகம் செய்யும்போது பெயரில் தொடங்கி, பிறப்பைச் சொல்லி, தொழிலுக்கு வந்து, சிறப்பில் முடிக்க வேண்டும் என்பது எனக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுங்கு. கல்லூரி மேடைகளில் அந்த ஒழுங்கை நான் ஒருமுறையும் மீறியதில்லை. இவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அது முதல் வரியிலேயே உடைந்துவிட்டது. பெயரைச் சொல்லப் போவதில்லை. பிறந்த ஆண்டு அவருக்கே தெரியாது. தொழில் என்றால், மூட்டையாக வந்து இறங்கும் சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக் கொடுப்பார். சிறப்பு என்று நான் சொல்ல நினைப்பதை அவர் கேட்டால், "இதெல்லாம் ஒரு பெருமையாளா?" என்று சிரித்திருப்பார்.

அவருக்குத் திசை தெரியும். அவ்வளவுதான் அவரது சிறப்பு.

தாராவியில் எங்கள் சந்து முடியும் இடத்தில் கீழே ஒரு தோல்பைப் பட்டறை இருந்தது. அதன் தலைமேல் ஓர் அறை, பத்தடிக்குப் பதினைந்தடி. படிக்கட்டு கிடையாது. சுவரோடு ஒட்டி, ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் பதின்மூன்று கம்பிகள் கொண்ட இரும்பு ஏணிதான் வழி. அந்த அறையில் அவரும் அவருடைய கணவரும் இருந்தார்கள். உறவு ஏதுமில்லை; ஆனால் அப்பாவும் அவரும் திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரே ஊர்க்காரர்கள் என்பதால் எனக்கு அவர் அத்தை, அவர் கணவர் மாமா. நான் ஊரைப் பார்த்ததில்லை, பிறந்தது இங்கே பக்கத்துச் சயானில். பள்ளியில் பேச்சுப் போட்டிகளுக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அத்தைக்கு நான் 'மைக்கு'.

"ஏட்டி மைக்கு, அந்தக் கெழக்கோரத்து டப்பாவ எடு."

"கொஞ்சம் மேக்க நவுண்டு உக்காரு, காத்து வரட்டும்."

"ஒன் வடக்குக் கன்னத்துல மாவு ஒட்டியிருக்கு பாரு. தொடச்சிட்டுப் போ, காலேஜில சிரிப்பானுவ."

கடைசி வாக்கியத்தைக் கேட்ட நாளில் நான் இரண்டு கன்னங்களையும் துடைத்துக்கொண்டு இறங்கினேன். எங்கள் சந்தில் வழி சொல்வதென்றால் நேரே, லெஃப்ட், ரைட், நாக்கா முக்கிலிருந்து உள்ளே என்றுதான் சொல்வோம். சூரியனே நண்பகலில் அரைமணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் சந்தில் கிழக்கையும் மேற்கையும் யார் தேடுவார்கள்? அத்தைக்கு இடமும் வலமும் கிடையாது. மனிதர்கள் திரும்பினால் அவை மாறிவிடும் என்பார். "நீ இந்தப் பக்கம் திரும்புனா இது வலது, அந்தப் பக்கம் திரும்புனா இதே எடது. அத வச்சி என்ன செய்ய?"

அந்த அறைக்குள் ஓர் ஊர் இருக்கிறது என்பதை நான் புரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின.

உட்சுவரை ஒட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நீல நிறத் தண்ணீர்ப் பீப்பாய் இருந்தது. அதை அவர் 'குளம்' என்று சொல்வார். காலையில் குழாய்த் தண்ணீர் வரும்போது, "ஏங்க, குளம் எம்புட்டு ஏறியிருக்கு?" என்று கேட்பார். மாமா எட்டிப் பார்த்து, "முக்கா" என்பார். வழிந்தால், ஊர்க்குளம் நிரம்பி வழிவதைச் சொல்வது போல, "மறுகா பாஞ்சிட்டு, பைப்ப எடுங்க!" என்று கத்துவார். வழிந்த தண்ணீர் தரையில் இருந்த ஒரு நீண்ட விரிசலைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடும். அந்த விரிசல்தான் ஓடை. ஓடைக்குத் தெற்கே சுவரையொட்டி வண்டிப்பாதை. அங்கே பித்தான் மூட்டையைக்கூட வைக்க விடமாட்டார். வாசல் கிழக்கு, பேருந்து நிறுத்தம். வாசலுக்கு வெளியே ஏணித்தலையில் இருந்த இரண்டடி இடம் ஊருக்கு வெளியே.

"மாமா எங்க அத்தை?"

"ஊருக்கு வெளிய நின்னு பீடி குடிக்காரு."

இதையெல்லாம் படிப்பவர்கள் அவர் ஊரை நினைத்து உருகியவர் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் வாயிலிருந்து ஊரைப் புகழ்ந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. ஒரு பொங்கல் விழாவில், சந்து முனையில் போட்ட பந்தலில், 'எங்கள் கிராமம்' என்ற தலைப்பில் நான் பதினைந்து நிமிடம் பேசினேன். ஆறு பாய்ந்தது, நெல் தலைசாய்த்தது, மயில் ஆடியது. ஒலிபெருக்கியின் ஒரு வாய் அத்தையின் வாசலைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. மறுநாள் கூப்பிட்டு விசாரித்தார்.

"நேத்து ஒரு ஊரச் சொன்னியே, அது எந்த ஊருளா?"

"நம்ம ஊருதான் அத்தை."

"நம்ம ஊர்ல ஏது ஆறு? மூணு வருசத்துக்கு ஒரு தடவ ஓடையில முட்டளவு தண்ணி வரும். கெணத்துத் தண்ணி உப்புக் கரிக்கும். ஆடி மாசம் காத்துல மண்ணு வாய்க்குள்ள வந்துரும், சோத்த மூடிட்டுத் திங்கணும். இத ஏன் சொல்லல?"

"அதையெல்லாம் சொன்னா கைதட்ட மாட்டாங்க அத்தை."

"நெசம்தான். தட்டுனவன் ஒருத்தனும் ஊருக்குப் போவல போல."

எனக்கு அன்று கோபம் வந்தது. நடுவர்கள் பாராட்டிய உரை அது.

பழிவாங்கும் வாய்ப்பு ஒருநாள் தானே அமைந்தது. புதிதாக வாங்கிய கைப்பேசியில் திசைகாட்டி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அறையின் நடுவில், ஓடைக்கரையில் உட்கார்ந்து, முள் ஆடி ஓயும் வரை காத்திருந்தேன். வாசல் கிழக்கில் இல்லை. சரியாக வடக்கில் இருந்தது.

"அத்தை, உங்க கிழக்கு கிழக்கே இல்ல. வடக்கு."

முதலில் சிரித்தவர் மாமாதான். "கேட்டியா? கெழக்க தலவச்சிப் படுங்க, வடக்க வச்சா ஆவாதுன்னு இத்தன வருசமா என்னைய வாசலப் பாக்கப் படுக்க வச்சா. தெனமும் வடக்கதான் தலவச்சிருக்கேன். இந்த முட்டுவலி ஏன் வந்துச்சின்னு இப்பல்லா தெரியிது!"

அத்தை சிரிக்கவில்லை. கைப்பேசியை வாங்கி, முள்ளைப் பார்த்தார். பிறகு விரிசலைப் பார்த்தார். கல்யாணமாகி அவர் இந்தச் சந்துக்குள் நுழைந்தது ஒரு மழைநாள். வானமே தெரியாத அந்த நாளில் கிழக்கு எது என்று அறிய அவருக்கு ஒரே அடையாளம்தான் இருந்தது: தண்ணீர். மலை மேற்கே நிற்க, குளமும் மேற்கே இருக்க, பெய்வதெல்லாம் கிழக்கே ஓடும் மண்ணில் பிறந்தவர் அவர். சந்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியதோ அந்தப் பக்கத்தைக் கிழக்கு என்று கொண்டார். அறைக்குள் சிந்திய தண்ணீரும் அதே பக்கம் ஓடியது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பம்பாயில் தண்ணீர் கழிமுகத்தைத் தேடி வேறு திசையில் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"இங்க தண்ணி வடக்கயுமா ஓடும்?" என்று கேட்டார். தோற்றவரின் குரல் அது. நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி எனக்கு வரவில்லை.

மறுநாள் நான் போனபோது தீர்ப்பு தயாராக இருந்தது. "ஒம் போனு சொல்லுறது பம்பாய்க்கு. இந்த ரூமுக்கு நாஞ் சொல்லுறதுதான். ஊர இப்படித் திருப்பி வச்சாத்தான் இதுக்குள்ள அடங்கும். ஒம் போனு சொல்லுற மாதிரி வச்சா குளம் சொவத்துக்கு வெளிய போயிரும்."

அந்த அறையை விட்டு அவர் ஏன் வெளியே போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் ஏணியின் மேலிருந்து ஒன்பதாம் கம்பியில் தவறி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பிளேட் வைத்தார்கள். நடக்கலாம் என்றார் மருத்துவர், அறைக்குள் நடந்தார். ஏணி மட்டும் முடியவில்லை. காலை வைத்ததும் உடல் பின்னுக்கு இழுக்கிறது என்பார். அதன் பிறகு கீழே வந்தது பெரும்பாலும் மருத்துவமனைக்காகத்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பட்டறை ஆட்கள் நால்வர் கயிறு கட்டி இறக்குவார்கள். சந்து முழுவதும் நின்று பார்க்கும். ஒருமுறை அப்படியே இறக்கி, நவி மும்பை கோபர்கைரனேயில் இருக்கும் மகள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பதினோராம் மாடி, லிஃப்ட், ஜன்னல் நிறைய வெளிச்சம். இரண்டாம் நாளே திரும்பிவிட்டார். "அங்க தண்ணியக் கொட்டுனா நின்ன எடத்துலயே நிக்கி" என்பதுதான் அவர் சொன்ன காரணம். வெளியே போகாதவரை எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவரோ, அறைக்குள் எவர் நுழைந்தாலும் அவர்களை ஓடைக்கு வடக்கே உட்காரவைப்பதா தெற்கே உட்காரவைப்பதா என்பதில் கவனமாக இருந்தார்.

ஊரில் அவருக்கு நிலம் இருந்தது. தகப்பனார் மகளுக்கென்று எழுதிவைத்த புஞ்சை, ஓடையால் இரண்டாகப் பிரிந்த இரண்டு துண்டு. தென்துண்டு வண்டிப்பாதையை ஒட்டியது. வடதுண்டு ஓடைக்கு அந்தப்புறம். தென்துண்டில் நடந்து ஓடையைத் தாண்டித்தான் அதற்குப் போக முடியும். வடதுண்டின் மற்ற மூன்று பக்கமும் காற்றாலைக்காரர்கள் வாங்கி வேலி போட்டுவிட்டார்கள். அத்தையின் தம்பி ஊரில் இருந்து அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டார். காற்றாலைக்காரர்கள் கேட்கிறார்கள் என்று அவர் கைப்பேசியில் சொன்னபோது, அத்தை ஒரு வாரம் யோசித்து, "வடதுண்டக் குடுத்துரு. அது அவனுக வேலிக்குள்ளதான் கெடக்கு. தென்துண்டு எனக்கு இருக்கட்டும்" என்று சம்மதம் சொன்னார். சந்தில் எல்லோருக்கும் அது தெரியும். தம்பி பெயருக்குப் பவர் பத்திரம் எழுதி, கையெழுத்து வாங்க அவரே பம்பாய் வந்தார்.

பத்திரத்தைப் படித்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். அத்தைக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். மாமாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். எங்கள் சந்தில் என் வயதுடையவர்கள் தமிழை வாயில் வைத்திருந்தார்கள், கண்ணில் வைத்திருக்கவில்லை. ஆகவே நான். பெருமையோடுதான் போனேன்.

ஏணிக்குக் கீழே தம்பி காத்திருந்தார். வெயிலில் கறுத்த, மெலிந்த மனிதர். குரலைத் தாழ்த்தி, "பாப்பா, வக்கீல் பாஷையெல்லாம் அக்காவுக்கு வெளங்காது. அந்த எல்லை, நம்பரு எல்லாத்தையும் விட்டுரு. சாரத்த மட்டும் சொல்லு, என்ன?" என்றார். சாரத்தைச் சொல்வது என் கலை. பத்துப் பக்க வாதத்தைப் பத்து வாக்கியத்தில் தொகுத்துப் பரிசு வாங்கியவள் நான். அந்த வேண்டுகோளில் எனக்குத் தவறாக எதுவும் படவில்லை.

தொகுத்தேன். குரலை ஏற்றி இறக்கி, "இதனால் தாங்கள் தங்கள் உடன்பிறந்த இளவலுக்கு முழு அதிகாரம் அளிக்கிறீர்கள்" என்று முடித்தேன். தம்பி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

அத்தை பேனாவை வாங்கவில்லை. "நாலு மாலும் படி" என்றார்.

"அதெல்லாம் எதுக்குக்கா? மத்தியானம் எனக்கு வண்டி."

"வண்டி வரட்டும். நிலம்னா நாலு மால் உண்டும்லா? கெழக்க எது, மேக்க எது, வடக்க எது, தெக்க எது. படிளா."

அடுப்படியிலிருந்து இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்துவந்து, விரிசலுக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றும் வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, இடுப்பு வலிக்காத பக்கமாகச் சாய்ந்து, கையை முன்னே நீட்டிக்கொண்டார். நான் எழுத்தைத் தேடிப் படித்தேன்.

"வண்டிப்பாதைக்கு வடக்கு."

அவர் கை வண்டிப்பாதைச் சுவரைத் தொட்டு வடக்கே நகர்ந்தது.

"ஓடைக்குத் தெற்கு."

கை விரிசலில் வந்து இடித்து நின்றது. மற்ற இரண்டு எல்லைகளையும் நான் படித்தேன்; அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் உள்ளங்கை தென்துண்டுத் தட்டின்மேல் இருந்தது.

கீழே பட்டறையில் தோல் தட்டும் சத்தம் வந்தது.

"எலே, நான் எதக் குடுக்கேன்னு சொன்னேன்?"

"வடதுண்ட."

"இது எது?"

தம்பி தலையைச் சொறிந்தார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்: "யக்கா, அவனுகளுக்கு வடதுண்டு வேண்டாம். மூணு பக்கமும் அவனுக வேலி, அது எங்க போவப் போவுது? காத்தாடி ரெக்க ஒண்ணு ஒரு தெரு நீளம் இருக்கு. அதக் கொண்டாற லாரி பாதையில திரும்பணும். அதுக்குத் தென்துண்டுதான் தோதுங்கானுவ. தரகருட்ட நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"தென்துண்டு போச்சுன்னா வடதுண்டுக்கு நான் எந்தப் பக்கமா போவேன்?"

"நீ எங்கக்கா போவப் போற?" தம்பியின் குரல் உயர்ந்தது. அதில் கேலி இல்லை, களைப்புத்தான் இருந்தது. "இந்த ஏணிய விட்டு எறங்கி எத்தன வருசம் ஆச்சு? அப்பா சாவுக்கு வந்தியா? கோயில் கொடைக்கு வந்தியா? நாம்லா அந்த வெயில்ல கெடந்து பாக்கேன்."

மாமா நடுவில் புகுந்தார். "மாப்ள சொல்லுறதும் சரிதான. போட்டுத் தொலையேன். நமக்கு என்ன, வெதைக்கவா போறோம்?"

அத்தை இருவரையும் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "போவாதது வேற. போவ வழி இல்லாதது வேறடே."

"அப்போ கையெழுத்து?"

"வடதுண்டுன்னு எழுதிட்டு வா. போடுதேன்."

தம்பி பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். அவருக்கும் ஊரில் முகம் இருக்கிறது; தரகரின் முன்னால் போய் நிற்க வேண்டியவர் அவர்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பாமலே, "இனி நமக்குள்ள போக்குவரத்து இல்லன்னு வச்சிக்கோ" என்றார். ஏணியில் அவர் கால் படும் ஒலி பதின்மூன்று முறை கேட்டது.

அத்தை எழுந்து, தட்டுகளைக் கழுவி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்தார். என்னைப் பார்த்து, "மொதல்ல ஒண்ணு படிச்சியே, நல்லா இருந்துச்சுடி. கேக்கையிலயே ஒறக்கம் வந்துட்டு" என்றார்.

நிலம் இரண்டு துண்டும் அவருடையதாகவே நின்றது. தம்பியோடு கைப்பேசிப் பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. அத்தை அழைப்பார், மணி அடித்து ஓயும். வேறு யாராவது ஊருக்குப் பேசும்போது, "எந்தம்பி நல்லா இருக்கானான்னு கேளு" என்பார். பிறந்த வீடு என்று ஊரில் அவருக்கு இருந்தது அந்த ஒரு வாசல்தான். அவர் ஊருக்குப் போனால் இறங்க வேண்டிய வீடும் அதுதான். நிலத்துக்கு வழியைக் காத்ததில் வீட்டுக்கு வழி அடைபட்டுப்போயிற்று. இதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று செய்தி வந்தது. அத்தையின் முகம் அன்று மாறியதைப் பார்த்தேன். அவர்கள் குடும்பத்தில் பெண்ணை மணமேடைக்குக் கைப்பிடித்து அழைத்துவருவது தகப்பனின் உடன்பிறந்தாள். அழைப்பிதழில் உறவுப் பெயர்களின் வரிசையில் முதல் பெயரும் அவளுடையதுதான். "எம்புட்டுக் கோவம் இருந்தாலும் அத்தைய விட்டுட்டுப் பிள்ளைய மேடையேத்த முடியாதுல்லா?" என்றார். மாமாவிடம் ஒரு நைலான் கயிறு வாங்கிவரச் சொன்னார். வாசல் உத்தரத்தில் மேல்முனையும் ஏணியின் அடிக்கம்பியில் கீழ்முனையும் கட்டி, ஏணியை ஒட்டி இழுத்துப் பிடித்தார்கள்.

மறுநாள் காலை ஒரு கையால் கயிற்றையும் ஒரு கையால் ஏணியையும் பற்றிக்கொண்டு ஒரு கம்பி இறங்கினார். உடனே ஏறிவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. அடுத்த நாள் இரண்டு. பட்டறையில் வேலை செய்த பீகார்க்காரர்களுக்கு அது தினசரி நிகழ்ச்சி ஆயிற்று.

"ஆன்ட்டி, ஆஜ் கித்னா?" என்று அன்றைய கம்பிக் கணக்கைக் கேட்பார்கள்.

"ஆஜ் சார்!" என்று நான்கு விரலைக் காட்டுவார், விரலைக் காட்டக் கயிற்றை விட்டுவிடுவார், கீழே நிற்கும் மாமா அலறுவார்.

ஒன்பதாம் கம்பியில் மூன்று நாள் நின்றார். விழுந்த கம்பி அது. நான்காம் நாள் அதைத் தாண்டினார். ஒரு காலை, தோள்பையோடு கல்லூரிக்குப் புறப்பட்ட நான் சந்துக்குள் வந்தபோது அத்தை தரையில் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி இல்லை, நான்கு ஆட்கள் இல்லை. தன் இரண்டு காலில், ஏணியைப் பற்றியபடி. பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். அவர் அவர்களைக் கவனிக்கவில்லை. குனிந்து, சந்தின் சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம், ஊருக்குப் போய்த் திரும்பிய பக்கத்துச் சந்துக்காரர் ஒருவர் அழைப்பிதழைக் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு முனையிலும் மஞ்சள் தடவியிருந்தது. மாமா என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். நான் போனபோது ஒரு பழைய பெட்டி திறந்திருந்தது. பட்டுப்புடவை ஒன்று காற்றாட விரிக்கப்பட்டிருந்தது.

உறையில் மாமாவின் பெயர் இருந்தது. உள்ளே பிரித்தேன். மணமகள், மணமகன், முகூர்த்தம், மண்டபம் எல்லாவற்றையும் படித்தேன். உறவினர் வரிசைக்கு வந்தேன். பெண்வீட்டுப் பெயர்களை மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணால் ஓட்டினேன். மீண்டும் ஒருமுறை ஓட்டினேன். அங்கே அத்தையின் பெயர் இல்லை.

அத்தை தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். கயிறு பிடித்துக் காய்த்த உள்ளங்கை மடியில் மல்லாந்து கிடந்தது. ஒருமுறை அவர் முன்னால் எழுத்தில் உள்ளதை விட்டுப் படித்தவள் நான். இப்போது இல்லாததைச் சேர்த்தேன். வரிசையின் முதற்பெயராக, என் மேடைக்குரலில் சிறிதும் நடுக்கம் காட்டாமல், அவர் பெயரைப் படித்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. "எங்க, வெரல வச்சிக் காட்டு."

நான் விரலை வைத்தேன். அவர் தன் கட்டைவிரலை என் விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அழைப்பிதழை என் கையிலிருந்து வாங்கித் தரையில், ஓடைக்குப் பக்கத்தில், நேராக வைத்தார். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, எங்க வீட்டுக் காயிதத்துல பொண்ணு வீட்டாளுக பேரு மேக்க இருக்கும். மாப்ள வீடு கெழக்க. எங்க அய்யா காலத்துலருந்து அப்படித்தான் அடிக்காவ. நீ வெரல வச்சது கெழக்க."

பதற்றத்தில் நான் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பத்தியைச் சுட்டியிருந்தேன். எழுத்தறியாதவர் என்று எண்ணியவரிடம், ஒரு நிலத்தில் நிற்பது போல ஒரு தாளிலும் நிற்கத் தெரிந்தவரிடம், நான் அகப்பட்டுக்கொண்டேன்.

"உள்ளதப் படி, மைக்கு."

படித்தேன். பெரியப்பா முறையில் இருவர். சித்தப்பா ஒருவர். தாய்மாமன்மார் மூவர். அவரவர் மனைவிமார். அத்தை என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் அவர் தலையசைத்தார். எல்லோரையும் அவருக்குத் தெரியும்.

"கவர்ல?"

"மாமா பேரும், குடும்பத்தார்னும் போட்டிருக்கு."

"வெளியாளுக்குக் குடுக்க மாதிரி."

மாமா செருமினார். "ஆனாலும் காயிதம் வந்துருக்குல்லா? ஒரு எட்டுப் போயிட்டு வருவோம். நீதான் இப்போ எறங்குதியே."

"போயி? பந்தியில உக்காந்து சாப்ட்டுட்டு, கை கழுவிட்டு வரவா?" அவர் குரலில் அழுகை இல்லை. "எந்த வீட்ல போயி எறங்க? மேடையில அவ கையப் பிடிச்சிட்டு வேற ஒருத்தி வருவா. நான் எந்தப் பக்கம் நிக்க?"

தான் நிற்க வேண்டிய திசையை அவர் ஒருவரிடம் கேட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் மூன்று நிமிடத்தில் எழுந்து நின்று பேசுவேன் என்று பெயர் வாங்கியிருந்தேன். புடவையை மடிக்க ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. மடித்து முடித்ததும் அவர் பெட்டியை மூடினார். நான் வாசலுக்கு வந்து ஏணியில் கால் வைத்தேன்.

பாதி இறங்கியபோது மேலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"ஏட்டி, கீழ எறங்குனதும் அந்தக் கயித்துக் கீழ்முடிச்ச அவுத்துட்டுப் போ. மழ வரப் போவுது, உள்ள துணி காயப்போட ஆவும்."

தினமும் அவர் எடை தாங்கி இறுகிய முடிச்சு அது. நகத்தாலும் பல்லாலும் அவிழ்க்க நெடுநேரம் ஆயிற்று. அவிழ்ந்ததும் அத்தை இழுக்க, கயிறு என் கையிலிருந்து நழுவி, கம்பி கம்பியாக, மேலே ஏறிப் போயிற்று.